வீடு மாற்றிக் கொடுப்பதும் ஒரு தொழில்!

குட்டி யானை மட்டும் போதாது, நாணயமும் வேண்டும்

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. தெருவே உறங்குகிறது. தெருவிளக்கின் அடியில் ஒரு குட்டி யானை நிற்கிறது.

யானை என்றதும் பயந்துவிட வேண்டாம்! இதற்குத் தும்பிக்கை கிடையாது. நான்கு சக்கரம் உள்ள சின்னச் சரக்கு வண்டிதான் இது. "குட்டி யானை" என்பது மக்கள் செல்லமாக வைத்த பெயர்.

மாடி வீட்டிலிருந்து சாமான்கள் இறங்குகின்றன. பீரோ, கட்டில், பிரிட்ஜ், கிரைண்டர், மூட்டை முடிச்சுகள் எல்லாம் வண்டியில் ஏறுகின்றன. வாசலில் ஒரு பாட்டி நிற்கிறார். சாமி படத்தை மார்போடு அணைத்திருக்கிறார்.

"தம்பி, ஆறு மணிக்குள் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். நேரம் தவறிவிடாதே!"

"ஐந்தரைக்கே அங்கே இருப்போம், பாட்டி. அடுப்பையும் சிலிண்டரையும் கடைசியில்தான் ஏற்றுவேன். கடைசியில் ஏறியதுதான் முதலில் இறங்கும்."

பாட்டியின் முகம் மலர்கிறது.

வைகாசி மாதத்தில் சென்னை, கோவை, மதுரை என்று எந்த நகரத்திலும் இந்தக் காட்சியைக் காணலாம். அந்த வண்டிக்காரர் பெரிய கம்பெனி முதலாளி அல்ல. சொந்தக் காலில் நிற்கப் புறப்பட்ட இளைஞர். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வண்டிக்கு முன்பணம் கட்டியவராகவும் இருக்கலாம். வண்டியில் இருப்பது பாட்டி வீட்டுச் சாமான். ஆனால் அந்த வண்டியை நம்பி இன்னொரு குடும்பமும் இருக்கிறது.

இந்தத் தொழிலில் இறங்குவது எப்படி? இறங்கியபின் மூழ்காமல் இருப்பது எப்படி?

கை வண்டி முதல் குட்டி யானை வரை

வீடு மாறுவது புதிய பழக்கம் அல்ல. மாட்டு வண்டியில் சாமான் ஏற்றிய காலம் உண்டு. கை வண்டியில் வைத்துத் தள்ளிய காலமும் உண்டு. சென்னையில் மீன்பாடி வண்டி என்னும் மூன்று சக்கர வண்டியில் கட்டிலையும் பீரோவையும் ஏற்றி மிதித்துக்கொண்டு போனார்கள். சாமான் கூடுதலாக இருந்தால் லாரி பிடிக்க வேண்டும். லாரியோ சின்னத் தெருவுக்குள் நுழையாது.

2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் என்ற சிறிய வண்டி வந்தது. அது சுமக்கும் பாரம் சுமார் 750 கிலோ. சாமான் ஏற்றும் இடம் சுமார் 7 அடி நீளம். ஒரு முழுக் கட்டில் நீளவாக்கில் அதில் அடங்கும். சந்து பொந்துகளிலும் நுழையும். இதனால், கையில் ஓரளவு பணமும் ஓட்டுநர் உரிமமும் உள்ள சாதாரண மனிதர்கூட வண்டிக்கு உரிமையாளர் ஆக முடிந்தது.

முதலில் வேலை, பிறகு வண்டி

இளைஞர்கள் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. முதலில் வண்டியை வாங்கி விடுகிறார்கள். பிறகுதான் வேலையைத் தேடுகிறார்கள். அதற்குள் மாதத் தவணை வாசலில் வந்து நின்றுவிடுகிறது!

முதலில் ஆறு மாதம் இன்னொருவரிடம் வேலை செய்ய வேண்டும். பீரோவை மாடிப்படியில் திருப்புவது எப்படி, கயிற்றுக்கு என்ன முடிச்சுப் போடுவது, எந்த வீட்டுக்கு எத்தனை ஆள் தேவை என்பதெல்லாம் தோளில் சுமந்தால்தான் தெரியும். அதன்பின் சில மாதங்கள் வாடகை வண்டியில் சொந்தமாக வேலை எடுத்துப் பார்க்கலாம். மாதம் தவறாமல் வேலை வருகிறது என்று தெரிந்த பிறகு வண்டி வாங்குவதே நல்லது.

பழைய வண்டி வாங்குவோர் ஆர்.சி. புத்தகத்தை நன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்துச் செல்ல வேண்டும். வண்டியின் மேல் கடன் பாக்கி உண்டா? தகுதிச் சான்று நடப்பில் இருக்கிறதா? இன்சூரன்ஸ் இருக்கிறதா? போலீஸ் அபராதம் நிலுவையில் உள்ளதா? இவற்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. வாங்கியபின் 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற மனுச் செய்ய வேண்டும்.

பணத்துக்கு என்ன வழி? வட்டிக் கடைக்கு ஓடும் முன் வங்கிக்குப் போக வேண்டும். 2015-ஆம் ஆண்டு தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிறு தொழிலுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கடன் உண்டு. இதற்குச் சொத்து ஈடு கேட்பதில்லை. அந்தப் பெரிய கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தரலாம் என்று 2024-இல் வரம்பு உயர்த்தப்பட்டது. ஆனால் ஈடு இல்லை என்பதற்காகத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று பொருள் அல்ல! ஒருமுறை தவணை தவறினால் அடுத்த கடனுக்குக் கதவு எளிதில் திறக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகை கட்டாயம். சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியில் கூலிக்குச் சாமான் ஏற்றுவது குற்றம். பிடிபட்டால் அபராதம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணமும் சந்தேகம்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், புகைச் சான்று, தகுதிச் சான்று ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். தகுதிச் சான்றை முதல் 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

சுமையோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. குட்டி யானை இந்த வரம்புக்குள் அடங்கும்.

கார் ஓட்டும் உரிமம் போதுமா என்று பலருக்குச் சந்தேகம் இருந்தது. 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்து வைத்தது. இலகு ரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று தீர்ப்பு வந்தது.

தொழிலைப் பதிவு செய்ய "உத்யம்" என்ற முறை 2020 ஜூலை 1-ஆம் தேதி முதல் இருக்கிறது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. இந்தப் பதிவு வங்கியில் கடன் கேட்கும்போது உதவும்.

ஒன்றை மறக்கக் கூடாது. வண்டியின் பின்புறம் சாமான் ஏற்றத்தான். ஆள் ஏற்ற அல்ல. "இரண்டு தெரு தள்ளித்தானே" என்று பிள்ளைகளைச் சாமான் மேல் உட்கார வைப்பது பேராபத்து. குடும்பத்தார் ஆட்டோவில் வரட்டும்.

பார்க்காமல் விலை சொல்லாதே

"சின்ன வீடுதான் தம்பி. சாமான் அதிகம் இல்லை. எவ்வளவு கேட்கிறாய்?"

போனில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. உடனே விலை சொன்னால் வம்பு அங்கேயே தொடங்கிவிடும். போய்ப் பார்த்தால் பரணில் 20 மூட்டை இருக்கும்! எந்த வீட்டுக்காரருக்கும் தம் வீட்டுச் சாமான் குறைவாகத்தான் தெரியும்.

நேரில் போக வேண்டும். எத்தனை மாடி? லிப்ட் உண்டா? பீரோ அதில் நுழையுமா? வண்டி வாசல் வரை வருமா, தெருமுனையில் நிற்குமா? இந்தக் கேள்விகளைப் பழைய வீட்டுக்கும் கேட்க வேண்டும். புது வீட்டுக்கும் கேட்க வேண்டும். சில சாலைகளில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிக்குத் தடை உண்டு. அதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விலை பேசும்போது திரும்பும் தூரத்தை மறக்கக் கூடாது. சுமையோடு 10 கிலோமீட்டர் போகும் வண்டி, காலியாக 10 கிலோமீட்டர் திரும்புகிறது. அதற்கும் டீசல் வேண்டும்.

பேசி முடித்ததும் ஒரு சீட்டில் எழுத வேண்டும். சாமான் பட்டியல், நாள், நேரம், ஆள் கணக்கு, கூலி ஆகியவை அதில் இருக்கட்டும். ஒரு சீட்டு வீட்டுக்காரருக்கு; ஒன்று வண்டிக்காரருக்கு. பாதி வழியில் வண்டியை நிறுத்தி, "இன்னும் 1,000 கொடுத்தால்தான் இறக்குவோம்" என்று மிரட்டுவோரும் உண்டு. அன்று 1,000 கிடைக்கும். ஆனால் அந்தத் தெருவில் அதன்பின் ஒரு வேலையும் கிடைக்காது.

எதை எப்படிக் கட்டுவது?

இது வண்டிக்காரருக்கு மட்டும் அல்ல; வீடு மாறும் குடும்பத்துக்கும் பயன்படும்.

கனமான பொருள் சின்னப் பெட்டியில். லேசான பொருள் பெரிய பெட்டியில். புத்தகங்களைப் பெரிய பெட்டியில் நிரப்பினால் தூக்கவே முடியாது. அடியும் பிய்ந்துவிடும்.

பீங்கான் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கக் கூடாது. காகிதத்தில் சுற்றி, புத்தகம் அடுக்குவதுபோல் நிமிர்த்தி அடுக்க வேண்டும். இடையிடையே துணியைச் செருகினால் உடையாது.

பிரிட்ஜை முதல் நாளே நிறுத்திக் காலி செய்ய வேண்டும். பனி உருகித் தண்ணீர் வடியட்டும். நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்க வைக்க நேர்ந்தால், போன இடத்தில் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

டி.வி.யையும் படுக்க வைக்கக் கூடாது. மெத்தைக்கும் போர்வைக்கும் நடுவே நிறுத்தலாம். கிரைண்டர் கல்லைக் கழற்றித் தனியே எடுக்க வேண்டும். காஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும். உருட்டக் கூடாது.

கட்டிலைப் பிரிக்கும்போது திருகாணிகளைச் சின்னத் துணிப் பையில் போட்டு, அந்தக் கட்டில் காலிலேயே கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் புது வீட்டில் முதல் இரவு எல்லோருக்கும் தரையில்தான் படுக்கை!

வண்டியில் கனமான சாமான் முன்பக்கம், டிரைவர் அறையை ஒட்டி வர வேண்டும். பீரோக் கண்ணாடிக்கு எதிரே மெத்தை வரட்டும். மேலே தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தாலும் தார்ப்பாய் இல்லாமல் புறப்படக் கூடாது.

நகை, பணம், பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை வண்டியில் ஏற்றவே கூடாது. வீட்டுக்காரர் கையிலேயே இருக்க வேண்டும். "பீரோவில் எதுவும் இல்லையே அம்மா? ஒருமுறை திறந்து பார்த்து, பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் வண்டிக்காரர் புத்திசாலி. பிற்பாடு ஒரு மோதிரம் காணாமல் போனால் முதல் சந்தேகம் யார் மேல் விழும் என்பது அவருக்குத் தெரியும்.

உடைந்து போனால்?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் ஏதாவது உடையும். வண்டிக்கு எடுத்த இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். உள்ளே இருக்கும் சாமானுக்கு அல்ல. சாமானுக்குத் தனியே எடுக்க வேண்டும்.

பீரோக் கண்ணாடி உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வழி உண்டு. பேசாமல் துணியைப் போட்டு மூடிக் கூலியை வாங்கிக்கொண்டு போவது ஒரு வழி. வீட்டுக்காரரை அழைத்துக் காட்டி, "எங்கள் தவறு, சார். கண்ணாடி விலையைக் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது இன்னொரு வழி.

இரண்டாவது வழியில் அன்றைய லாபம் போய்விடும். உண்மைதான். ஆனால் அந்த வீட்டார் பத்துப் பேரிடம் சொல்வார்கள். "உடைத்துவிட்டான்" என்று சொல்ல மாட்டார்கள். "உடைந்ததை அவனே சொன்னான்" என்றுதான் சொல்வார்கள். வீடு மாறுவோர் முன்பின் தெரியாத ஆட்களிடம் வீடு முழுவதையும் ஒப்படைக்கிறார்கள். அவர்கள் தேடுவது பலசாலியை அல்ல, நம்பிக்கையானவரை.

தோள் கொடுப்பவர்கள்

கூட வரும் ஆட்கள் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. கூலியை அன்றன்றே கொடுத்துவிட வேண்டும். நான்கு மாடி ஏறி இறங்கியவருக்குத் தண்ணீரும் டீயும் தவறக் கூடாது. முதுகை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடக்கித் தூக்கப் பழக்க வேண்டும். முதுகு பிடித்துக்கொண்டால் அந்தக் குடும்பத்தின் அடுப்பே அணைந்துவிடும்.

உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி நலவாரியமும் இருக்கிறது. அதில் பதிவு செய்தவர்களுக்கு விபத்து, பிள்ளைகளின் படிப்பு போன்றவற்றுக்கு உதவி உண்டு. வண்டி உரிமையாளரே ஆட்களை அழைத்துப்போய்ப் பதிவு செய்து வைப்பது பெரும் புண்ணியம்.

ஆடி வந்தால்?

இந்தத் தொழிலின் உண்மையான சோதனை ஆடி மாதம்.

தை, வைகாசி, ஆவணி மாதங்களில் போன் ஓயாது. பள்ளி விடுமுறையிலும் வேலை குவியும். ஆடி பிறந்தால் போன் ஊமையாகிவிடும். ஆடியில் புது வீட்டுக்குப் போக நம்மவர்கள் விரும்புவதில்லை. மார்கழியிலும் அப்படியே.

மாதத் தவணைக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது!

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டித் தவணை மாதம் 12,000 ரூபாய். இன்சூரன்ஸ், சான்றுகளுக்காக ஒதுக்குவது 3,000. டயர், பழுதுக்கு 3,000. போன், வண்டி நிறுத்தும் இடத்துக்கு 1,000. வீட்டுச் செலவு 20,000. ஆக மொத்தம் 39,000 ரூபாய்.

உள்ளூரில் ஒரு வீடு மாற்ற 3,500 ரூபாய் கூலி என்று கொள்ளலாம். இரண்டு ஆட்களுக்கு 1,600, டீசலுக்கு 400, டீ, கயிறு வகைக்கு 100 என 2,100 போனால், மீதி 1,400. அப்படியானால் மாதம் 28 வீடு மாற்றினால்தான் கையைக் கடிக்காது.

ஆடியில் 10 வேலைதான் வந்தது என்றால் கிடைப்பது 14,000. பற்றாக்குறை 25,000 ரூபாய்! இதற்குக் கடன் வாங்கினால் புரட்டாசி வரை வட்டி கட்ட வேண்டும். ஆனால் மற்ற 11 மாதங்களிலும் மாதம் 2,300 ரூபாய் தனியே எடுத்து வைத்தால் 25,300 சேர்ந்துவிடும். மாதத்துக்கு இரண்டே வேலை கூடுதல். அவ்வளவுதான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கையிருப்பு இல்லாதவரின் வண்டி பறக்காமல் இருக்குமா?

இன்னொரு வழியும் உண்டு. மக்கள் வீடு மாறாத ஆடியில்தான் கடைகளில் தள்ளுபடி விற்பனை அமர்க்களப்படுகிறது. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா எல்லாம் விற்பனையாகின்றன. அவற்றை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வண்டி வேண்டுமே! ஆனி மாதத்திலேயே கடைக்காரர்களைப் போய்ப் பார்த்துப் பேசி வைத்தவருக்கு ஆடியிலும் ஓட்டம் இருக்கும்.

பால் பொங்கியது!

மறுபடியும் அந்த வைகாசி விடியலுக்கு வரலாம்.

மணி ஐந்து முப்பத்தைந்து. புது வீட்டு வாசலில் குட்டி யானை வந்து நிற்கிறது. தார்ப்பாய் விலகுகிறது. சொன்னபடி அடுப்பும் சிலிண்டரும் முதலில் இறங்குகின்றன. பாட்டி சாமி படத்தோடு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போகிறார்.

ஆறு மணிக்குள் பால் பொங்கிவிட்டது!

கட்டிலைப் பூட்டி, பீரோவைச் சுவரோரம் நிறுத்தி, பட்டியலைச் சரிபார்த்துக் கூலி வாங்கும் நேரத்தில் பாட்டி வருகிறார். கையில் நான்கு டம்ளர் பால்.

"குடியுங்கள், தம்பி. ஆவணியில் என் மகள் வீடு மாறுகிறாள். உன் நம்பரை இந்தக் காலண்டரில் எழுதிவிட்டுப் போ."

வண்டிக்காரர் எழுதுகிறார். காலண்டரில் நடுவே ஆடி மாதம் இருக்கிறது. அதைத் தாண்டி ஆவணியில் ஒரு வேலை காத்திருக்கிறது. அடகுக் கடையில் இருக்கும் சங்கிலி வீடு திரும்பும் நாள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டது.